சங்கங்குப்பி வேலி

அப்பா சைகோனிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது நான் கன்னியாஸ்திரீகள் நடத்திய கன்னிமார் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தேன். சைகோன் சுங்க ஆபீசில் அவருக்கு வேலை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை வந்துபோனாராம். அதற்குப் பிறகு யுத்தம், அது முடிந்ததும் அந்த நாட்டிலேயே இன்னொரு யுத்தம். எனக்கு அப்பா என்றால் கூடத்துச் சுவரில் தொங்கிய தொப்பி வைத்த படம்தான்.

வந்தவர் தனியாக வரவில்லை. குதிரை வண்டியிலிருந்து அவருக்குப் பின்னால் ஒரு பெண் இறங்கினாள். கறுப்புக் கால்சட்டையும் முழங்கால்வரை தொங்கும் சட்டையும் போட்டிருந்தாள். வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற அம்மா, தட்டைச் சுற்றவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

“யாருங்க இது?”

“அங்க எனக்குச் சமைச்சிப் போட்டவ. சண்டையில அவளுக்கு யாருமில்லாமப் போச்சி. கொஞ்ச நாளைக்கி இருக்கட்டும்.”

தெருவில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தட்டோடு உள்ளே போய் ஆரத்தித் தண்ணீரைக் கிணற்றடியில் கொட்டிவிட்டு வந்தாள். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை. சமையற்காரியை யாரும் கப்பலேற்றிக் கூட்டி வருவதில்லை என்பது எனக்கே தெரிந்தது.

கொல்லையில் விறகு அடுக்கும் அறையைக் காலி செய்து அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். சாப்பாடு அங்கேயே போகும். அப்பா கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். அவள் இருக்கும் பக்கம் திரும்பமாட்டார். ஆட்கள் இருக்கும்போது அவளோடு ஒரு வார்த்தை பேசமாட்டார். வீட்டில் எல்லாரும் அவளைச் ‘சைகோன்காரி’ என்றார்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது. வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை பார்த்துப் பழகிய பிரெஞ்சு கொஞ்சம் தெரியும். எனக்குப் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு கொஞ்சம் தெரியும். அப்படித்தான் எங்களுக்குள் பேச்சு ஆரம்பித்தது. யாரும் பக்கத்தில் இல்லாதபோது அவளைச் சின்னம்மா என்று கூப்பிட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் கொடுத்தார்கள். வீட்டருகே பூக்கும் ஒரு செடியைப் பார்த்து, இன்னதென்று கண்டுபிடித்து, பிரெஞ்சில் விவரித்து எழுத வேண்டும். எங்கள் கொல்லையின் பின்பக்கம், அரசலாற்றைப் பார்த்தாற்போல, ஆள் உயரத்துக்கு ஒரு வேலி உண்டு. சங்கு வேலி என்போம். நான் வேலியைப் பார்க்காமலே உட்கார்ந்து, முள் உள்ள செடி என்று எழுத ஆரம்பித்தேன். சின்னம்மா எட்டிப் பார்த்து, “முள்ளா? எங்கே?” என்றாள்.

என் கையைப் பிடித்துக்கொண்டு போய் வேலிக் கிளை ஒன்றை நுனியிலிருந்து அடிவரை உருவச் சொன்னாள். முள் இல்லை. எங்கள் பக்கத்தில் சங்கு என்று இரண்டு செடிகள் உண்டு. ஒன்று முட்சங்கு, மேட்டாங்காட்டில் இருப்பது. மற்றது உப்புத் தண்ணீர் ஏறும் கரைகளில் படர்வது, சங்கங்குப்பி. பெயர் ஒன்றாக இருந்ததால் நான் இரண்டையும் ஒன்றென்றே நினைத்திருந்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கும் வேலி.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் அதன் முன்னால் குந்தியிருந்து பார்த்தோம். இலைகள் எதிரெதிராக இருந்தன, தடிப்பாக, எண்ணெய் தடவினாற்போல். கசக்கினால் குமட்டும் வாசனை. பெரும்பாலும் மூன்று மூன்றாகப் பூக்கள். பூவுக்குக் கீழே மெல்லிய நீளக் குழல். வாயில் ஐந்து வெள்ளை இதழ்கள் விரிந்திருந்தன. அந்த வெள்ளைக்கு நடுவிலிருந்து நான்கு சிவந்த இழைகள், பூவுக்குச் சம்பந்தமே இல்லாததுபோல, வெளியே நீண்டு வளைந்திருந்தன. காய் பச்சையாக, முற்றினால் கறுத்து நான்காகப் பிளக்கும். பிளந்த ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

“எங்கள் ஊரில் ஆறு கடலில் சேருகிற இடத்தில் இதே செடிதான்,” என்றாள். “இந்த ஊரில் எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.”

அவள் ஊரில் அதற்கு என்ன பெயர் என்று சொன்னாள். என் வாயில் அது நிற்கவில்லை.

மழைக்காலம் வந்ததும் சின்னம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. அவளே போய் வேலியில் இலை பறித்து, கழுவி, கொதிக்கவைத்துக் குடித்தாள். எழுந்து நடமாடினாள். அம்மா அதைச் சமையற்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சில நாள் கழித்து அம்மாவுக்கும் அதே காய்ச்சல். ஆஸ்பத்திரி மாத்திரைக்கு இறங்கவில்லை. போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

“அவகிட்ட கேளு. அந்த எலய எப்படிப் போடுறான்னு. எனக்கும் கொஞ்சம் வெச்சித் தரச் சொல்லு.”

நான்தான் போய்ச் சொன்னேன். சின்னம்மா வைத்துக் கொடுத்த கஷாயத்தை அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். வேப்பங்கொழுந்தெல்லாம் இதற்குமுன் வெல்லம் என்றாள். சைகோன்காரி சம்பந்தமாக அவள் சிரித்துக்கொண்டு சொன்ன ஒரே பேச்சு அதுதான். மறுநாளும் கேட்டு வாங்கிக் குடித்தாள். காய்ச்சல் இறங்கத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்துப் போலகத்திலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. வந்த அன்று மத்தியானம், வெறும் வயிற்றில் கஷாயம் குடித்திருந்த அம்மா முற்றத்தில் வாந்தி எடுத்தாள். அத்தை கொல்லைக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தாள். வெந்த இலையை எடுத்துக்கொண்டு நேரே கூடத்துக்கு வந்து அப்பாவின் முன்னால் போட்டாள்.

“தம்பி, இது என்னா செடின்னு தெரியிதா ஒனக்கு? ஆடு வாய் வெக்காது இதுல. மாடு திங்காது. இத வேகவெச்சி ஒம் பொண்டாட்டிக்கி ஊத்திக்கிட்டு இருக்கா அவ. மருந்து வெக்கிறதுன்னா வேற என்னா?”

அப்பா இலையைப் பார்த்தார். சைகோனில் அவருக்கே காய்ச்சல் வந்தபோது சின்னம்மா இதைத்தான் கொடுத்தாளாம். அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சொல்லவில்லை.

“அப்பா, இது காய்ச்சலுக்குக் குடிக்கிறது. அம்மா கேட்டுத்தான் அவங்க வெச்சித் தந்தாங்க. நான்தான் போய்ச் சொன்னேன்,” என்றேன்.

“பெரியவங்க பேசுற எடத்துல ஒனக்கு என்னா வேல? உள்ள போ.”

நான் போகவில்லை. அத்தை அம்மாவின் பக்கம் திரும்பினாள். “நீயே சொல்லு. நீ கேட்டியா?”

அம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கொல்லை வாசற்படியில் சின்னம்மா நின்றாள். பேச்சு புரியாவிட்டாலும் தன்னைப் பற்றியது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்: “எனக்கு ஒன்னும் தெரியாதுங்க அண்ணி. காய்ச்சல்ல கெடந்தேன். குடுத்தாங்க, குடிச்சேன்.”

அந்த வாரமே புதுச்சேரிக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு சின்னம்மாவை அனுப்பினார்கள். அங்கிருந்து கப்பல் ஏற்றிவிடுவார்கள் என்று சொன்னார் அப்பா. வண்டி வந்து நின்றபோது அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். தன்னை ஏன் அனுப்புகிறார்கள் என்று அவள் என்னைத்தான் கேட்டாள். ஒருவர்மேல் பொய்ப்பழி போட்டார்கள் என்பதற்குப் பள்ளிக்கூடத்தில் வார்த்தை சொல்லித் தரவில்லை. “அவர்களுக்கு அந்தச் செடியைத் தெரியாது,” என்று சொன்னேன். எனக்கு வந்தது அவ்வளவுதான். அவள் என்னை நம்பாததுபோலப் பார்த்தாள். சரிதான். தெரியாமலா நட்டு வேலி வைத்திருப்பார்கள்?

நான் எழுதிய பாடத்துக்கு மதர் நல்ல மதிப்பெண்தான் போட்டார். ‘பெயர்?’ என்று ஓரத்தில் கேட்டிருந்தார். தமிழில் எழுதியிருந்தது அவருக்குப் பெயராகப் படவில்லை. பிறகு எங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பாஷையை எங்கள் வீட்டில் யாரிடமும் பேச வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

கொடி இறங்கிய மறு வருஷமோ என்னவோ, புதுச்சேரியிலிருந்து ஒருவர் அப்பாவைத் தேடி வந்தார். சின்னம்மா கப்பல் ஏறவில்லை என்றார். ஒரு வீட்டில் சமையல் செய்கிறாளாம். நீங்கள் வருவீர்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். அப்பா அவருக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார். “அதெல்லாம் முடிஞ்சி போச்சிங்க,” என்றார். இருவரும் மழையைப் பற்றியும் சம்பா நாற்றைப் பற்றியும் பேசினார்கள். காப்பியைக் கொண்டுபோய் வைத்தது நான். அதற்குப் பிறகு அவளைப் பற்றி எந்தச் சேதியும் வரவில்லை.

அப்பா கடைசிவரை எங்களோடுதான் இருந்தார். அம்மாவை அவர் அடித்ததில்லை, திட்டியதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. அவள் பரிமாறுவாள், அவர் சாப்பிட்டு எழுந்துபோவார்.

கல்யாணமாகிப் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தபோது ஒருநாள் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். “அன்னைக்கி ஏம்மா உண்மையச் சொல்லல?”

யாரைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பதில் சொன்னாள்.

“சொல்லியிருந்தா அவ இங்கயே இருந்திருப்பா.”

பொறுக்கிய கல்லை முற்றத்தில் எறிந்துவிட்டு, “நல்லவதான்,” என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அவள்மேல் வந்த கோபம் இன்றுவரை முழுதாக ஆறவில்லை. அப்பாமேல் கோபப்படலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் இப்போது கசக்கிறது.