முச்சந்தியில் ஊற்றிய கசடு

ராஜப்பன் டாக்டர் இல்லை. இது பாப்பாரப்பட்டியில் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். தருமபுரி ஆஸ்பத்திரிக்கு நடப்பதைவிட மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லிவிடுவது காலுக்குச் சுலபம்.

பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்துச் சீசா கழுவிக்கொண்டிருந்தவர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில் ஊர் திரும்பி, சந்தைக்கு எதிரே கடை வைத்தார். கழுவிய கைக்கு இரண்டு விஷயம் உறுதியாகத் தெரிந்திருந்தது. குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னா என்ற குயினைன் தூள் வெறும் தண்ணீரில் கரையாது. நீர் கலந்த கந்தகத் திராவகம் சில சொட்டு விட்டால் கரைந்து தெளிந்துவிடும். இன்னொன்று, திராவகம் விட்ட தண்ணீரில் சோடா உப்பைப் போட்டால் நுரை பொங்கும். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே சீசாவில் செய்து காட்டியதுதான் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

வத்தல்மலையிலிருந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி இறங்கி வருவார்கள். ராஜப்பன் அவர்கள் கண்ணெதிரே சோடா உப்பைத் தட்டுவார். சீசா புஸ்ஸென்று பொங்கும். "பாத்தீங்களா, காய்ச்சல் கெளம்புது" என்பார். மருந்தில் கசப்பும் குறைந்திருக்கும். அதற்கு வேறு தனியாகப் புகழ்.

கசப்பு எங்கே போனது என்று அவர் யோசித்திருக்கலாம். சோடா உப்பு திராவகத்தின் புளிப்பைத் தின்றுவிடும். புளிப்பு போனால் கொய்னாவைக் கரைத்துப் பிடித்திருக்க ஆள் இல்லை. அது வெள்ளைத் தூளாகப் பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே நிற்பது பெப்பர்மெண்ட் வாசனையும் சிவப்புச் சாயமும் சேர்ந்த தண்ணீர். ராஜப்பனும் அந்த வெள்ளையைப் பார்க்காமல் இல்லை. பார்த்து, நன்றாக யோசித்து, அதற்கு ஒரு பெயரும் வைத்தார்.

"அது காய்ச்சலோட கசடு. தெளிவா மேல நிக்கறத மட்டும் குடிங்க. கசட முச்சந்தியில ஊத்திட்டு, திரும்பிப் பாக்காம வூட்டுக்கு வந்துடுங்க."

கண்ணேறு கழித்ததை முச்சந்தியில் கொட்டிப் பழகிய ஊரில் இதை யார் சந்தேகப்படப்போகிறார்கள்? குளிர்காய்ச்சலும் கொஞ்சம் தயவுள்ள நோய். சிலரை ஆட்டிவைத்துவிட்டுத் தானாகவே போய்விடும். போனால் பெயர் ராஜப்பனுக்கு, போகாவிட்டால் தலையெழுத்து. இத்தனை வருஷத்தில் பாப்பாரப்பட்டி முச்சந்திக்கு மட்டும் ஒரு நாளும் குளிர்காய்ச்சல் வந்ததில்லை.

யுத்தம் வந்தது. கொய்னாப் பட்டை விளையும் ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்தபின் கொய்னா குதிரைக் கொம்பாகிவிட்டது. ராஜப்பன் சேலத்தில் யார் யார் காலையோ பிடித்து வாங்கிவந்து, அதையும் நுரைக்க வைத்து முச்சந்திக்கு அனுப்பினார். அந்த மழைக்காலத்தில்தான் வத்தல்மலைச் சின்னக்கா தன் புருஷன் கரியனுக்காக வந்து வந்து மருந்து வாங்கிப்போனாள். கரியன் பிழைக்கவில்லை.

"கசட ஒழுங்கா ஊத்துனியா?" என்று கேட்டார் ராஜப்பன்.

"வழியிலேயே தெளிவ வேற சீசாவுக்கு மாத்திட்டு, கசட ஒரு சொட்டு மிச்சம் வெக்காம முச்சந்தியில ஊத்திட்டுத்தான் மலையேறுனேங்க."

"அப்ப விதிதான்" என்று தீர்ப்பளித்துவிட்டு அவர் அடுத்த சீசாவை எடுத்தார்.

பிறகு காய்ச்சல் அவர் வீட்டுக்குள்ளேயே வந்தது. மனைவி சாலம்மாள் படுத்துவிட்டாள். ராஜப்பனுக்குப் பயமாக இருந்தது. அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதே மருந்தைத்தான் கொடுத்தார். அவள் எழுந்துவிட்டாள். காதுக்குள் வண்டு இரைவதாக மட்டும் சொன்னாள். ராஜப்பன் சந்தை முழுக்கத் தன் மருந்தின் மகிமையைப் பேசித் தீர்த்தார்.

பேசிய வாய் மூடுமுன் அவரே விழுந்தார். தெளிவாக, நோயாளிக்குரிய மரியாதையோடு, மேலே நின்றதை மட்டும் குடித்தார். காய்ச்சல் முறை தவறாமல் வந்து வந்து போயிற்று. பேச்சுகூடக் குழறத் தொடங்கிய அன்று சாலம்மாள் லோட்டாவில் எதையோ கலக்கிக்கொண்டு வந்தாள்.

"என்னங்க, இதக் குடிங்க."

"அது கசடு. போய் ஊத்திட்டு வா."

"நான் ஊத்துலீங்க. களிப்பானையையே வழிச்சுத் திங்கறவ, அவ்ளோ அலைஞ்சு வாங்கியாந்த மருந்த மண்ணுல ஊத்துவேனா? என்னோட சீசாக் கசடெல்லாம் நாந்தான் குடிச்சேன்."

ராஜப்பன் அவளையே பார்த்தார். காதில் வண்டு. பெங்களூரில் கொய்னாவைக் கூடுதலாகக் குடித்தவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். சீசா கழுவும்போது எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார். எல்லாம் புரிந்துபோயிற்று. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு குடித்தார். அந்தக் கசப்பு நாக்கை விட்டுப் போக நேரமாயிற்று.

பிழைத்தார். கடையும் திறந்தார். நுரையை விட மனம் வரவில்லை, ஜனங்கள் அதற்காகத்தான் வருகிறார்கள். சட்டத்தை மட்டும் கொஞ்சம் மாற்றினார்: இனி சீசாவை நன்றாகக் குலுக்கி அடிவரை குடிக்க வேண்டும், யுத்தகாலக் கொய்னா அப்படி என்றார். ஊர் அதையும் நம்பியது. இப்படி ஓர் ஊர் கிடைத்தால் யாரும் டாக்டராகலாம்.

சின்னக்கா தன் மகளுக்குக் காய்ச்சல் என்று வந்தாள். சீசா நுரைத்து அடங்கியது. அடியில் வெள்ளை உட்காரத் தொடங்கியது.

"குலுக்கிட்டு முழுசாக் குடிக்கக் குடு."

"கசடுங்களா?"

"அதுலதான் மருந்தே இருக்குது" என்று வழக்கமான பேச்சு வேகத்தில் வாய் சொல்லிவிட்டது.

சின்னக்கா சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அழவில்லை.

"அப்ப, அவருக்கு வாங்கி நான் முச்சந்தியில ஊத்துனதுங்க?"

ராஜப்பன் அவள் கையிலிருந்த சீசாவை வாங்கி, திராவகம் இன்னும் சில சொட்டு விட்டார். வெள்ளை கரைந்து மறைந்தது. வேலை அவ்வளவுதான்.

சின்னக்கா சீசாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மலைக்குப் போகும் பாதை முச்சந்தி வழியாகத்தான். அவள் அதில் கால் வைக்காமல், சேற்று வரப்பில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனாள்.