அம்மாவுக்குப் பிச்சோடா போட்ட நாள்

நான் எழுதிப் பழகியவள் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். உறவுக்காரர்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால்கூட நலம் விசாரித்ததற்கு மேல் கை ஓடாது. நாலு பேர் எதிரில் பேசவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகள்தான் காரணம். போன வாரம் ஒரு பத்திரிகையின் பெண்கள் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினாள். வீட்டிலேயே விதவிதமாகக் கொண்டை போட்டுக்கொள்வது எப்படி என்று படம் போட்டு எழுதியிருந்தார்கள். "உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாச்சே, நீயும் ஏதாவது எழுதிப் போடும்மா" என்றாள். பார்த்தேன். எனக்குத் தெரியாதது ஒன்றும் அதில் இல்லை. மூன்றாவது படத்தில் பின்னலைச் சுற்றுகிற திசை மட்டும் தப்பு. அதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் பின்னலைச் சுற்றுகிற கொண்டை என்றதும் வேறொன்று முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல வரவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ராயபுரத்தில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சந்தில் இருந்தோம். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து காலில் விழுந்ததில், எழுந்து நடக்க முடியாமல் படுத்துவிட்டார். துறைமுக மதிலை ஒட்டியிருந்த அரிசிக் கிடங்கில் கிழிந்த கோணிகளைத் தைக்கிற வேலை அம்மாவுக்கு. நைனா, நான், கைக்குழந்தையாக இருந்த தம்பி, எல்லோரும் சாப்பிட்டது அந்த வேலையில்தான். ரேஷன் அரிசி மாதத்தில் பாதி நாளைக்குக்கூட வராத காலம். அந்த வேலை போனால் அடுப்பு எரியாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அம்மாவுக்கு லேசாக உடம்பு சுட்டாலே நைனா பேச்சை நிறுத்திவிட்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

எங்கள் சந்தில் கொண்டையைப் பார்த்தே யார் எங்கே போகிறாள் என்று சொல்லிவிடலாம். மீன் விற்கப் போகிறவர்கள் உச்சந்தலையில் கூடை உட்கார வேண்டும் என்பதால் பிடரியில் தாழ்வாகச் சுருட்டிச் சொருகிக்கொள்வார்கள். வீட்டில் இருப்பவர்கள் ஈரத்தலையை நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு விட்டுவிடுவார்கள். கோடாலி முடிச்சு குழாயடிக்குப் போகிறவர்களுக்கு. பிடித்து இழுத்தாலும் அவிழாது. பின்னலைப் போட்டு, அதை வட்டமாகச் சுற்றி, ஊசி குத்தி, சுற்றிலும் பூ வைத்தால் பிச்சோடா. அது கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டும். இதெல்லாம் நான் யாரிடமும் உட்கார்ந்து கற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் தலையைக் காட்டுவார்கள், நான் முடிந்து முடிந்து அவிழ்ப்பேன்.

அம்மாவுக்கு முழங்காலைத் தொடும் முடி. வேலைக்குப் போகும்போது உள்ளே ஒரு சின்னக் கறுப்புத் துணியை மடித்து வைத்துச் சுருட்டிச் சொருகிக்கொள்வாள். இவ்வளவு முடி உள்ளவளுக்குத் திணிப்பு எதற்கு என்று நான் கேட்டதுண்டு. "அழகுக்குடி" என்பாள். வேலை நாளில் ஒருநாள்கூடப் பூ இல்லாமல் போகமாட்டாள். கால் முழமாவது வைத்துக்கொள்வாள். கோயிலுக்குப் போகும்போது மறந்துவிடுவாள்.

இன்னொரு அதிசயமும் உண்டு. காலையில் மாம்பழம் அளவுக்குப் போன கொண்டை, சாயங்காலம் தேங்காய் அளவுக்குத் திரும்பி வரும். உப்புக் காற்றில் முடி ஊதிக்கொள்கிறது என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அந்த நம்பிக்கையில் சில நாள் கடற்கரையில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நின்றும் பார்த்தேன்.

அந்த வாரம் அம்மாவின் வலது கட்டைவிரலில் கோணி ஊசி ஏறிச் சீழ் கோத்துவிட்டது. தலையை வார முடியவில்லை. நான் சீவிவிட்டேன். மில் சங்கு ஊதுவதற்குள் கிளம்ப வேண்டும் என்று அவள் தம்பிக்குக் கஞ்சி புகட்டியபடியே தலையைக் கொடுத்தாள். நான் சத்தமில்லாமல் பின்னலைப் போட்டுச் சுற்ற ஆரம்பித்தேன்.

"இன்னாடி பண்றே, இம்மா நேரமா?"

"ஆயிடுச்சிம்மா."

தடவிப் பார்த்தாள். "ஐயோ, பிச்சோடாவா! நான் இன்னா, ஊர்கோலமா போறேன்?" என்றாள். அதற்குள் சங்கு ஊதிவிட்டது. கறுப்புத் துணியை வட்டத்தின் நடுவில் செருகி, மேலே பூவைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

என் வேலை எனக்குப் பெருமையாக இருந்தது. யாராவது பார்த்து மெச்ச வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு நேராகக் கிடங்கு வாசலுக்குப் போய் நின்றேன்.

அங்கே பெண்களைச் சோதனை போட்டு அனுப்ப ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். எல்லோரும் அக்கா என்பார்கள். புருஷனைக் கடலில் கொடுத்தவள். நெற்றியிலும் தலையிலும் ஒன்றும் இருக்காது. இடுப்பைத் தடவுவாள், முந்தானையை உதறச் சொல்வாள், தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பாள். தலையை மட்டும் தொடமாட்டாள். தாலி அறுத்தவள் பூ வைத்த தலையில் கை வைத்தால் ஆகாது என்று அவளே சொல்லிவிடுவாள். பக்கத்தில் மேஜை போட்டுக் கணக்கு எழுதும் கேட்டு ரைட்டரும் அதை ஒப்புக்கொண்டிருந்தார்.

அம்மா வந்தாள். பின்னால் இருபது பெண்கள் வரிசையில் நின்றார்கள். அம்மா குந்தி உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்து காட்டினாள். நான் சந்தடியில் உள்ளே நுழைந்து அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"அக்கா, அம்மா கொண்டை நான் போட்டதுதான்!"

"தோடா! பிச்சோடாவா?" என்று அக்கா சிரித்தாள். "யாருக்கு கண்ணாலம், உங்கம்மாவுக்கா?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. "மாப்ள ஆரும்மா? ரைட்டரு காதுல வுயப் போவுது" என்றாள் ஒருத்தி. ரைட்டர் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே முறைத்தார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பூ மறைத்திருந்ததால் என் சுற்றின் அழகு யாருக்கும் தெரியவில்லை என்று தோன்றியது. பூவை ஒதுக்கினேன். அங்கே நான் குத்தாத ஊசி ஒன்று கோணலாகத் துருத்திக்கொண்டிருந்தது. நல்லதைச் செய்வதாக நினைத்து அதைப் பிடுங்கினேன்.

அம்மாவின் தலையிலிருந்து அரிசி கொட்டியது.

இத்தனை வருஷம் ஆகியும் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கழுத்தில், முதுகில், ரவிக்கைக்குள், சிமெண்டுத் தரையில் சடசடவென்று கொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு பிடிதான் இருக்கும். எனக்கு அது நிற்கவே நிற்காது என்று தோன்றியது. முடிக்குள்ளிருந்து பாம்பு வந்திருந்தால்கூட அப்படித் திகைத்திருக்கமாட்டேன். கையில் ஊசியோடு நின்றேன். அம்மா திரும்பவில்லை. உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தாள்.

ரைட்டர் எழுந்து வந்தார்.

"அட்சதைங்க" என்றாள் அக்கா சட்டென்று. "காத்தால கண்ணால வூட்டுக்குப் போய்ட்டு வந்துகீது."

ரைட்டர் குனிந்து நாலு அரிசியைப் பொறுக்கி உள்ளங்கையில் தேய்த்தார். "மஞ்சள் எங்கே?" என்றார். பிறகு வரிசையை ஒருமுறை பார்த்தார். ஒவ்வொரு தலையிலும் பூ இருந்தது. ஒருத்தியும் அசையவில்லை. நிறைகுடத்தைச் சுமப்பவர்கள் மாதிரி கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள்.

"எல்லாரும் கொண்டையை..." என்று அவர் ஆரம்பித்தார்.

"அவங்களை இன்னாத்துக்கு சார்?" அக்கா குறுக்கே வந்து நின்றாள். "அந்த அரிசி என்னுது. நான்தான் இவ தலைல வெச்சேன். வெளில போய் வாங்கிக்கலாம்னு. இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"நீயா? எப்போ?"

"மத்தியானம் சோத்து நேரத்துல. கை வலிக்குதுன்னா, தலைய அவுத்துக் கட்டி வுட்டேன்."

"பொய்!" என்று கத்தினேன். "நான்தான் கட்டினேன்! அவுக்கவே இல்ல, நான் போட்டது அப்படியே கீது!"

அம்மா எழுந்தாள். என் கன்னத்தில் அறைந்தாள். என்னை அவள் அதற்கு முன் அடித்ததே இல்லை. அரிசியைவிட அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. அழக்கூடத் தோன்றவில்லை.

ரைட்டர் என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "பூ வச்ச தலையைத் தொடமாட்டேன்னு சொல்லிட்டிருந்தியே?"

அக்கா கீழே பார்த்தாள். அவள் கால் தரையில் கிடந்த அரிசியின் மேல் இருந்தது.

"தொட்டேன்" என்றாள்.

வரிசையில் யாரோ மூச்சை இழுத்தார்கள். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். மத்தியானம் யாரும் தலையைத் தொடவில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் ஒவ்வொருத்தியாகச் சோதனை இல்லாமலே வெளியே வந்தார்கள். ரைட்டர் அக்காவைத் திட்டுவதிலேயே இருந்தார். வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கமாக வேகமாக நடந்தார்கள்.

வீட்டில் அம்மா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள். பின்னலை அவிழ்த்து உதறியபோது இன்னும் ஏழெட்டு அரிசி விழுந்தது. அதைப் பொறுக்கிப் பானையில் போட்டாள். "இன்னா ஆச்சி?" என்று நைனா கேட்டார். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொன்னாள். நைனா கண்ணை மூடிக்கொண்டார். "இனி அந்த அக்கா எங்க போவா?" என்று மட்டும் கேட்டார். அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

அன்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அம்மாமேல் இல்லை, அக்காமேல். அவள் திருடி என்று நம்பினேன். அதைவிட, நான் பாடுபட்டுச் சுற்றிய பிச்சோடாவைத் தான் கட்டியதாகச் சொல்லிவிட்டாளே என்றுதான் எரிச்சல். சந்துப் பிள்ளைகளிடமெல்லாம், "அந்த அக்காதான் எங்கம்மா தலையில அரிசி ஒளிச்சி வெச்சா" என்று சொன்னேன். கேட்ட பெரியவர்கள் என்னை அதட்டவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை. பேச்சை மாற்றினார்கள். அவள் பூ வைத்த தலையைத் தொடாமல் இருந்தது எதற்காக என்று அந்த இருபது பேருக்கும் தெரிந்திருந்தது. அந்த வாசலில் தெரியாமல் நின்றவர்கள் ரைட்டரும் நானும்தான்.

மறுநாள் கிடங்கு வாசலில், தலை நிறையப் பூ வைத்த வேறொருத்தியைச் சோதனைக்கு நிறுத்தியிருந்தார்கள். அம்மா ஒற்றைப் பின்னல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.