கயிறுவெட்டி காளிதாஸும் நேபாளக் கத்தியும்

எங்க வீட்டுக்காரரு பேரு காளிதாஸ். கடலாடி தாலுகா ஆபீஸுக்கு எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரு. பட்டா மாறணுமா, பென்சன் வரலையா, எதுக்கு மனு எழுதணும்னாலும் சனம் இவருகிட்டதான் வரும். அம்புட்டு உருக்கமா எழுதுவாரு. ஆனா ஊருக்குள்ள இவருக்குக் கயிறுவெட்டின்னுதான் பேரு. அந்தக் கதையச் சொல்லும்போதே எனக்குப் பத்திக்கிட்டு வருது.

எங்க குலசாமி கருப்பனுக்கு மாசி மாசம் ராத்திரி களரித் திருவிழா கும்பிட்டு, மறுநாள் காலையில கிடா வெட்டுவோம். வெட்டுற உரிமை இவரு குடும்பத்துக்கு. மாமனாரு இருந்தவரைக்கும் ஒரே வெட்டு. அவரு போய்ச் சேந்தபிறகு, போன வருசம் அருவா இவரு கைக்கு வந்துச்சு. மனுசன் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு ஓங்குனாரு. முத வெட்டு கயித்துல விழுந்துச்சு, கிடா ஓடிப்போச்சு. புடிச்சாந்து நிறுத்துனா, ரெண்டாவது வெட்டு பூசாரி வேட்டியில விழுந்துச்சு, பூசாரி ஓடிப்போனாரு. கடைசியில இவரு சித்தப்பா மகன் இருளாண்டி, எனக்குக் கொழுந்தன் முறை, அருவாளப் புடுங்கி ஒரே போடா போட்டு முடிச்சாரு. "அடுத்த வருசமும் இப்படின்னா உரிமை எனக்குத்தான்"னு சபையில சொல்ல, பெரியாளுக அம்புட்டுப் பேரும் தலைய ஆட்டிட்டாக.

ஒரு வாரம் இவரு கறியத் தொடல. "ஓங்குறதுக்கு முன்னாடி அது என்னையப் பாத்துச்சு லெட்சுமி"ன்னாரு. "வெட்டவும் மனசு வரல, எங்கய்யா வச்சுட்டுப் போன உரிமைய விடவும் மனசு வரல"ன்னு பொலம்புனாரு. எனக்குப் பாவமாவும் இருந்துச்சு, நாலு சாத்து சாத்தலாமான்னும் இருந்துச்சு.

அப்பத்தான் தில் பகதூர் கடைக்கு வந்தாரு. நேபாளத்துக்காரரு, கடலோரத்து இறால் பண்ணையில வாட்ச்மேன். பன்னெண்டு வருசமா இங்கன கெடக்குறதால நம்ம பேச்சு நல்லாவே பேசுவாரு. ஆதார் அட்டைய ஜெராக்ஸ் எடுக்க வந்தவருகிட்ட இவரு தன் கதைய ஒப்பிச்சிருக்காரு. "எங்க ஊர்லயும் தசராவுக்குக் கிடா வெட்டுவோம்ணே. குக்ரிக் கத்தி. ஒரே வெட்டு, ஆட்டுக்கே தெரியாது"ன்னு அவரு சொல்லியிருக்காரு. ஆட்டுக்கே தெரியாதுன்னு சொன்னதுதான் இவரு மனசுல ஒக்காந்துக்கிச்சு. அன்னைக்கே ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டாரு.

பார்சல் வந்துச்சு. தோலுறைக்குள்ள கத்தி. நடுவுல வளைஞ்சு, முன்னாடி அகலமா, நல்ல கனம். கூடவே ரெண்டு குட்டிக் கத்தி. வீரமா உருவுறேன்னு உறைய, கத்தியோட கூர்வாய் இருக்கிற பக்கமா இறுக்கிப் புடிச்சு இழுத்தாரு பாருங்க, உறையக் கிழிச்சுக்கிட்டு வந்து ரெண்டு வெரல்ல வெட்டிருச்சு. ரத்தத்தப் பாத்ததும் அப்படியே சரிஞ்சு ஒக்காந்துட்டாரு. கிடா வெட்டப்போற ஆளு!

கட்டுப் போட்ட கையோட கத்தியத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. பிடிக்குப் பக்கத்துல வாயில ஒரு சின்ன வெட்டு இருந்துச்சு. "ஏமாத்திட்டான் லெட்சுமி! ஒடஞ்ச சரக்கு!"ன்னு குதிச்சாரு. குட்டிக் கத்தியில ஒண்ணு மொன்னையா வேற இருந்துச்சா, உடனே மனு எழுத ஒக்காந்துட்டாரு. 'ஐயா, வணக்கம். பொருள்: கத்தியில் ஒரு துண்டு காணாமல் போனது தொடர்பாக.' நாலு பக்கம் எழுதிட்டு, அதுக்கு ஜெராக்ஸும் எடுத்துக்கிட்டாரு.

நல்லவேளையா தபால்ல சேக்குறதுக்குள்ள பகதூர் வந்தாரு. மனுவ வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. "அண்ணே, அந்த வெட்டு வேணும்னே வைக்கிறது. ரத்தம் பிடிக்கு வழியாம அங்கனயே சொட்டிரும்னு எங்க ஊர்ல சொல்லுவாக. மொன்னையா இருக்கிறது பெரிய கத்திக்கு வாய் தீட்டுறதுக்கு. உறைய முதுகுப்பக்கமாப் புடிச்சு உருவணும், வாய்ப்பக்கம் வெரல் போகவே கூடாது"ன்னு செஞ்சு காட்டுனாரு.

"உருவுனா ரத்தம் பாக்காம உள்ள வைக்கக் கூடாதாமே? இருளாண்டி சொல்றான்"னு இவரு கேட்டாரு.

"நான் தெனமும் என் குக்ரியிலதான் வெங்காயம் அரியிறேன். அப்ப எனக்கு ஒடம்புல ரத்தமே இருக்காதே!"ன்னாரு பகதூர்.

நான் கூரா இருந்த குட்டிக் கத்திய எடுத்து வெள்ளப்பூண்டு உரிக்க வச்சுக்கிட்டேன். இவரு பெரிய கத்தியால சீமக்கருவேலங் கட்டையில பழகுனாரு. சும்மா சொல்லக் கூடாது, கத்தி பிரமாதம். அருவா எகிறியடிக்கிற கட்டை இதுல ஒரே போடுல ரெண்டாப் போச்சு. வாழத்தண்டு, தேங்கா, பழைய டயரு, ஒண்ணையும் விடல. நான் பூரிச்சுப் போயிட்டேன். இவரு மூஞ்சி மட்டும் நாளுக்கு நாள் சுருங்கிக்கிட்டே வந்துச்சு. என்னன்னு கேட்டா, "அருவா மழுங்கல்னு ஒரு சாக்காவது இருந்துச்சு. இந்தப் படுபாவிக் கத்தி அதுக்கும் வழியில்லாமப் பண்ணிருச்சே"ன்னாரு.

களரிக்கு ஒரு மாசம் இருக்கும்போது கிடா வாங்கிக் கட்டுனோம். பாக்க வந்த பகதூரு, "இங்கயும் தண்ணி ஊத்திக் கேப்பீகளா?"ன்னாரு. கேப்போமே! கிடா மேல தண்ணி ஊத்தணும், அது உடம்பச் சிலுப்பித் துலுக்கணும். துலுக்குனாத்தான் சாமி உத்தரவுன்னு அர்த்தம், அப்புறந்தான் வெட்டு. மூணு தரம் ஊத்தியும் துலுக்கலன்னா வெட்டக் கூடாது, கோயிலுக்கு நேந்து விட்டுரணும். "எங்க ஊர்லயும் இதேதான்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

மறுநாள் விடிஞ்சதுலருந்து இவரு கிடாவக் குளிப்பாட்ட ஆரம்பிச்சாரு. நாலு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி! நான் கொடத்தத் தூக்கிக்கிட்டு நாயாப் பேயா அலையிறேன், இங்கன கிடாவுக்கு மங்களஸ்நானம்! முத ரெண்டு நாளு அது துலுக்குன துலுக்குல என் சேலையெல்லாம் நனைஞ்சு போச்சு. "சாமிக்குப் போற கிடா, சுத்தமா இருக்க வேணாமா?"ன்னாரு. சாமி பேரச் சொன்னபிறகு நான் என்னத்தப் பேச? போகப் போக அது கண்ணை மூடிக்கிட்டு, தாடைக்குக் கீழ தேய்க்கத் தோதா கழுத்தத் தூக்கிக் குடுத்துக்கிட்டு நின்னுச்சு.

களரி வந்துச்சு. மறுநாள் காலையில ஊரே கூடியிருச்சு. இவரு குக்ரிய முதுகுப்பக்கம் புடிச்சு முறையா உருவுனாரு. பூசாரி இந்தத் தடவ வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, பத்தடி தள்ளி நின்னு தண்ணிய எறிஞ்சாரு. கிடா அசையல. "கிட்டப் போய் ஊத்துங்க சாமி!"ன்னு சத்தம் போட்டாக. பயந்து பயந்து போய் ஒரு செம்பு ஊத்துனாரு. அசையல.

"சாமிக்கு நேபாளக் கத்தி புடிக்கல! அருவாளக் குடுங்க!"ன்னு இருளாண்டி குதிச்சாரு. அருவாளக் கொண்டாந்து வச்சாக. மூணாவதா ஒரு கொடத்தையே கவுத்தாக. கிடா கண்ணை மூடிக்கிட்டு, கழுத்தத் தூக்கிக் குடுத்துச்சு.

எனக்கு அப்பத்தான் பொறி தட்டுச்சு. அடப்பாவி மனுசா! ஒரு மாசத் தண்ணி! நான் திரும்பி இவரப் பாத்தேன். இவரு என்னையப் பாக்கவே இல்ல, வானத்தப் பாத்துக்கிட்டு நின்னாரு. சிரிப்பு முட்டுது எனக்கு, முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டேன்.

கிடாவ அவுத்து விட்டுட்டாக. சாமிக்கு வெட்டாமப் போகக் கூடாதுன்னு பூசாரி பூசணிக்காயில குங்குமத்தத் தடவிப் பலகையில வச்சாரு. இவரு ஓங்குனாரு. கண்ணை முழிச்சுக்கிட்டுத்தான் ஓங்குனாரு, நான் பாத்தேன். ஒரே வெட்டு! பூசணி பொளந்து, கத்தி பலகையில ஏறிக்கிச்சு. ரெண்டு ஆளு இழுத்துத்தான் எடுத்தாக. ஊரே கொலவ போட்டுச்சு. உரிமை தங்கிருச்சு. கறி தின்ன வந்த சனத்துக்குக் கடலாடியிலருந்து பிராய்லர் கோழி வந்துச்சு.

இதோட முடிஞ்சிருந்தா நல்லாருக்கும். குளிச்சுப் பழகுன உடம்பு கேக்குமா? கோயில் கிடா டாண்ணு ஆறு மணிக்கு எங்க வாசலுக்கு வந்து குழாயடியில நிக்க ஆரம்பிச்சுச்சு. ஊத்தாமப் போனா ஊரையே கூட்டுற மாதிரிக் கத்தும்.

ஒரு ஞாயித்துக்கிழமை இவரு குக்ரியால வெறகு பொளந்துக்கிட்டு இருந்தாரு. நான் கொடத்தத் தூக்கிக்கிட்டுக் கிடாகிட்டப் போறேன். வாசல்ல இருளாண்டி நிக்காரு.

"மதினி, கோயில் கிடா தெனமும் இங்கன எதுக்கு வருது? ஊத்துங்க பாப்போம், துலுக்குதா இல்லையான்னு."

இவரு கை ஓங்குனது ஓங்குனபடி நின்னுபோச்சு. இந்த இருளாண்டி மட்டும் பாத்துட்டா நாளைக்கே சபையக் கூட்டுவான், உரிமையும் போயிரும், கிடாவும் போயிரும். கிடா வேற கண்ணை மூடிக் கழுத்தத் தூக்க ஆரம்பிச்சுருச்சு, சனியன்!

"அய்யய்யோ, கை தவறிருச்சு கொழுந்தனாரே!"

முழுக் கொடமும் இருளாண்டி தலையில. மனுசன் மூச்சு முட்டி, தலையிலருந்து காலு வரைக்கும் சிலுப்பி ஒரு துலுக்குத் துலுக்குனாரு பாருங்க, மாமனாரு காலத்துல ஒரு கிடா கூட அப்படித் துலுக்குனதில்ல.

நான் மெதுவாச் சொன்னேன்: "ஒரே கொடத்துல உத்தரவு குடுத்துட்டீகளே!"

இருளாண்டி என்னையப் பாத்தாரு. திரும்பி, குக்ரிய ஓங்குனபடி நின்ன அண்ணனப் பாத்தாரு. வந்த சோலியையும் ஒரு கால் செருப்பையும் அங்கனயே விட்டுட்டுப் போயிட்டாரு.

இவரு கத்திய மெதுவா உறையில போட்டாரு. "எப்பத் தெரியும் ஒனக்கு?"ன்னாரு.

"களரியில அது கழுத்தத் தூக்குனப்பவே"ன்னேன். "அடுத்த வருசக் கிடாவ இப்பவே வாங்குங்க. ஒரு மாசம் பத்தாது, எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு."

சொல்லிட்டு அடுத்த கொடத்த எடுத்தேன். கிடா இன்னும் கண்ணத் தொறக்கல.