செல்வமேரியின் உடமுள்ளு

மராட்டி பேசும் விஷ்ராந்த்வாடியில் செல்வமேரி குடியிருக்கும் அடுக்குமாடி சொசைட்டியில், தமிழ் வாடையே படாத ஒரு நூறு பேருக்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல் மட்டும் தெரியும்: உடமுள்ளு. அதைப் பரப்பிய புண்ணியம் முழுக்க அவளையே சேரும்.

தென்தமிழ்நாட்டு நாசரேத் பக்கத்து வறண்ட காடுகளில் நிற்கிற உடைமரத்தின் முள்தான் அது. அவளுடைய தாத்தா இங்கே பக்கத்திலிருக்கும் கட்கிக்கு வேலைக்கு வந்தபோது மரம் ஊரிலேயே நின்றுவிட்டது, சொல் மட்டும் ரயிலேறிவிட்டது. இங்கே வந்த பிறகு அதற்கு வேலை கூடிப்போனது. கையைக் கீறுகிற செடி எதுவானாலும் சரி, எலுமிச்சை, இலந்தை, காகிதப்பூ, எல்லாமே அந்த வீட்டில் உடமுள்ளு. சீப்புக்கு அடங்காத தலைமுடி உடமுள்ளு. ஆளந்தி ரோட்டு நெரிசல் உடமுள்ளு. பிடித்தால் விடாமல் பேசும் சொந்தக்காரரும் உடமுள்ளுதான். பள்ளிக்கூட ஆபீஸில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவளுக்கு ஒரு சொல்லை வைத்துப் பத்து வேலை வாங்கத் தெரியாதா என்ன?

ஐம்பது வயதில்தான் செல்வமேரிக்குச் சொந்த வீடு அமைந்தது. தரைத்தளம். குடிவந்த மாதமே ஜன்னலுக்கு வெளியே ஐந்து களாச்செடிகளை நட்டாள். மராட்டிக்காரர்கள் கர்வந்த் என்பார்களே, அதுதான். வாடகை வீடுகளிலேயே காலம் தள்ளியவள் தன் மண் என்று ஒன்றில் முதன்முதலாக ஊன்றியது அவற்றைத்தான். எட்டு வருடத்தில் ஐந்தும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஆள் உயர வேலியாகிவிட்டன. அதற்கும் உடமுள்ளு என்றே பெயர் வைத்தாள். சொசைட்டியும் அப்படியே பிடித்துக்கொண்டது.

போன மே மாதம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு செயலாளர் கோட்போலே ஒட்டிய மராட்டி நோட்டீஸில் முதல் விஷயமே 'உடமுள்ளு அகற்றுதல்' என்றிருந்தது. அந்த இடத்தில் இரும்புக் கம்பி போடுவதாகத் திட்டம். புகாரில் முதல் கையெழுத்து முதல் மாடி ரோஹிணியுடையது. கோயமுத்தூரிலிருந்து ஐடி வேலைக்கு வந்த பெண். அந்த வேலிக்கு இரண்டு துப்பட்டாக்களைப் பறிகொடுத்தவள். வெட்ட விடுவதில்லை என்று செல்வமேரியும் ஒற்றைக்காலில் நின்றாள். தமிழ் பேசுகிற இரண்டு வீடுகளுக்கிடையே பேச்சுவார்த்தை நின்று ஒரு மாதமாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் வீட்டு அழைப்புமணி ஓயாமல் அடித்தது. வாசலில் ரோஹிணி. முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, கொஞ்சம் வெளிய வாங்க. சுப்ரஜாவோட முகூர்த்தப் பட்டுங்க்கா."

சுப்ரஜா அவளுடைய தங்கை. மறுநாள் காலை பக்கத்து மண்டபத்தில் கல்யாணம். அந்துருண்டை வாடை போகட்டும் என்று பால்கனியில் போட்டிருந்த பட்டைப் புழுதிக்காற்று தூக்கிக்கொண்டுவந்து வேலியின் தலைமேல், ஐந்து செடிக்கும் சேர்த்து, விரித்துவிட்டிருந்தது. ரோஹிணி ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்தாள்.

"கைய எடு பிள்ள. இழுத்தன்னா ஜரிகை நூல் நூலா வந்துரும்."

சத்தம் கேட்டு வந்த கோட்போலே ஒரு கத்தரியை நீட்டினார். சேலையைச் சுற்றியிருக்கும் சிம்புகளை நறுக்கிவிடலாம் என்பது அவர் யோசனை. செல்வமேரி தலையாட்டினாள்.

"நறுக்குன இடத்துல எல்லாம் பால் வடியும். பட்டுல பட்டா கறை போவாது. நின்ன வாக்குல ஒவ்வொரு முள்ளா எடுக்கவும் கை எட்டாது. தூருல வெட்டி, அப்படியே சாய்ச்சுத்தான் எடுக்கணும்."

"தூருலயா? அப்புறம் செடியே இருக்காதுங்களே அக்கா."

"இருக்காதுதான். நாளைக்கு அந்தப் பிள்ள எதக் கெட்டிக்கிட்டு மணையில உக்காரும்?"

வெட்டுவதற்கு முன் இன்னொரு வேலை இருந்தது. மே மாதமல்லவா, செடி முழுக்கக் கறுத்துக் கனிந்த பழம். ஒன்று நசுங்கினாலும் பட்டில் சாயம் ஏறிவிடும். கட்டிடம் முழுக்க இறங்கி வந்து பழம் பறித்தது. பறிக்கிற கை சேலைப் பக்கம் போகக்கூடாது என்று செல்வமேரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கூடைக்குப் போனதைவிட வாய்க்குப் போனது அதிகம். எல்லோர் உதடும் ஊதா. நோட்டீஸ் எழுதிய கோட்போலேதான் அதிகம் தின்றார். தின்றுகொண்டே, "அரே தீதி, நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்" என்று இந்தியில் இழுத்தார்.

வாட்ச்மேனின் அரிவாளை வாங்கி அவளே குனிந்தாள். எட்டு வருடத்துக்கு முன் தானே ஊன்றிய தூரில் முதல் வெட்டு விழுந்தது. அடுத்த நான்கு செடிகளையும் நிமிராமல் வெட்டினாள். நான்கு பேர் பிடித்துக்கொள்ள, வேலி சேலையோடு போர்வைமேல் சாய்ந்தது. பிறகு செல்வமேரியும் ரோஹிணியும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு முள்ளையும் அது நுழைந்த வழியிலேயே பின்னுக்கு எடுத்தார்கள். மூன்று மணி நேரம். பேசாமலிருந்த ஒரு மாதத்துக் கதையும் அதிலேயே பேசி முடிந்தது. ஒரே ஒரு இழைதான் போயிருந்தது, அதுவும் கொசுவத்துக்குள் மறைகிற இடத்தில். மறுநாள் அந்தப் பட்டு மணமேடையில் தகதகத்ததைப் பெண்வீட்டார் வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள் செல்வமேரி. அவளுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு அடங்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டத்துக்குக்கூடக் காத்திராமல், மிச்சமிருந்த தூர்களையும் தோண்டிவிடக் கோட்போலே சொல்லியனுப்பிய ஆள் கடப்பாரையோடு வந்தான். செல்வமேரி ஜன்னல் வழியே பார்க்கவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். தூர்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில், கையில் மருதாணியோடு ரோஹிணி. முதல் கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும், தோண்டுவதானால் தன்னையும் சேர்த்துத் தோண்டலாம் என்றும் கோட்போலேயிடம் உடைந்த இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள். செல்வமேரி வெளியே வந்ததும் தமிழுக்குத் திரும்பினாள்.

"மழை பேஞ்சா துளுக்குமுங்களா அக்கா?"

"வெட்டுனா முன்னைவிட அடர்த்தியால்லா வரும்."

"வரட்டுங்க. அதுவரைக்கும் நான் இங்கயே உக்காந்துக்கறேன்."

செல்வமேரி விடுவிடுவென்று திரும்பினாள். உள்ளே போய் ஒரு நாற்காலியை இழுத்துவந்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கோட்போலே இரண்டு நாற்காலிகளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கடப்பாரைக்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டு, தனக்கும் ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.