உள்ளே துணி விடாமல் தைத்த வருஷம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில், அப்பாவின் கடையில் ஒரு மட்டி வாழைப்பழமாவது வாங்கித் தின்னாதவர்கள் இருக்க மாட்டார்கள். அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. மூத்த மகள் என்று என்னை எழுதச் சொன்னார்கள். "நல்லதா நாலு வரி எழுதுக்கா. சித்தப்பா காரியத்த மட்டும் விட்டிரு" என்றான் தம்பி. அதை விட்டுவிட்டு நான் வேறு என்னத்தை எழுதுவது?

அப்பா பிறந்தது தாழக்குடியில். மீசை அரும்பும் முன்பே தகப்பனாரை இழந்தார்கள். தவழும் பிள்ளையாக இருந்த தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தார்கள். வாழைக்குலை சுமந்தார்கள், பிறகு வடசேரிச் சந்தையில் சொந்தமாகக் குலைக்கடை போட்டார்கள். தம்பியைத் தையல் படிக்க விட்டு, மிஷின் வாங்கிக் கொடுத்து, எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே கடையும் வைத்துக் கொடுத்தார்கள். அந்தத் தம்பிதான் எங்கள் சித்தப்பா. அப்பா கொடுத்த வாக்கு மாறாதவர்கள்; கோபத்தில் சொன்ன வாக்கையும் மாற்ற மாட்டார்கள். வினை அதில்தான் இருந்தது.

தீபாவளி நெருங்கினால் சித்தப்பா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார். எங்களை வரிசையாக நிறுத்தி அளவெடுத்துத் துணியை வாங்கிப் போவார். சுதந்திரம் வந்த வருஷமும் வந்தார். அப்போது துணிக்குக் கண்ட்ரோல், ரேஷனில்தான் கிடைக்கும். அப்பா நாயாய் அலைந்து வாங்கிய துணி அது. தீபாவளியன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஈரத்தலையோடு வாசலில் நின்றோம். சட்டை வரவில்லை. வெயில் ஏறிய பிறகு சித்தப்பா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"பெறத்தியாரு துணியெல்லாம் தச்சுக் குடுத்தாச்சு அண்ணே. நம்ம வீடுதானேன்னு கடைசியா வச்சிட்டேன். பொத்தான் காஜா மட்டும்தான் பாக்கி."

தையல்காரர் வீட்டுக்காரர்களுக்கு எந்த ஊரிலும் இதுதான் கதி. அது அப்பாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஈரத்தலையோடு நின்ற எங்களைப் பார்த்ததும் அவர்களுக்குக் கண் சிவந்துவிட்டது.

"ஊருக்கு மொதல்ல, எம்பிள்ளையளுக்குக் கடைசியாலே? இனி ஒரு வருஷத்துக்கு இந்த வீட்டுத் துணி உன் கடைக்கு வராது. நாங்களே தச்சு உடுத்துவோம், பாத்துக்கோ!"

மறு வாரமே ஒரு பழைய மிஷின் வீட்டுக்கு வந்தது. அடுத்துக் கிடைத்த துணியை அம்மா வெட்ட, அப்பா மிதித்தார்கள். குலையின் எடையைக் கண்ணாலேயே சொல்லிவிடும் மனிதருக்கு என் தம்பியின் நிக்கரில் இரண்டு காலும் ஒரே நீளமாக வரவில்லை. என் ஜாக்கெட்டின் ஒரு கை முழங்கையைத் தொட்டது, மற்றது தொடவில்லை. இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். பெரிய தப்பு வேறு. தைக்கும் முன் துணியைத் தண்ணீரில் நனைக்க வேண்டும் என்று அம்மா சொல்லிப் பார்த்தார்கள். "மஞ்ச தொட்டு வச்ச துணி. நனைச்சா பெறவு அது புதுக்கோடியாட்டி?" என்று அப்பா விடவில்லை. கண்ட்ரோல் துணியாயிற்றே, வீணாக்கக் கூடாது என்று தையலுக்கு உள்ளே ஒரு விரக்கடைத் துணிகூட விடாமல் மிதித்துத் தள்ளினார்கள். முதல் துவைப்பில் எல்லாம் சுருங்கிவிட்டது. பிரித்துப் பெரிதாக்கலாம் என்றால் உள்ளே துணி இருந்தால்தானே!

அந்தச் சட்டையோடுதான் தம்பி பள்ளிக்கூடம் போனான். ஒருநாள் வழியில் சித்தப்பா எதிரே வந்தார். அக்குளைப் பிடித்துக்கொண்டிருந்த சட்டையை அவர் விரல்கள் தாமாக இழுத்துப் பார்த்தன.

"அண்ணன் தச்சதா மக்கா?"

"ஆமா சித்தப்பா."

"நல்லா இருக்குடே" என்றார். தலை குனிந்து போய்விட்டார்.

வருஷமும் முடிந்தது. அப்பா புதுத்துணி வாங்கிவந்து, வெட்டாமல் மிஷின் மேல் வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்போதும் போலச் சித்தப்பா டேப்போடு வருவார் என்ற நினைப்பு. அங்கே சித்தப்பாவோ, அண்ணன் ஆளனுப்பினால் ஓடிவிடலாம் என்று கடையில் உட்கார்ந்திருந்தாராம். "ஒரு தெரு தாண்டணும். ரெண்டு பேருக்கும் காலு வரல்லியே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்கள். தீபாவளிகள் போயின. கல்யாண வீடுகளில் பந்தலின் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர். ஒரு வருஷம் என்று சொன்ன கோபம் இத்தனை வருஷத்தைத் தின்றுவிட்டது.

கடைசியில் வயிறு வீங்கி அப்பா நெய்யூர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். எந்தச் சட்டைக்கும் பொத்தான் போட முடியவில்லை. ஒருநாள் அவர்களே அம்மாவிடம், "அவன வரச் சொல்லுட்டி" என்றார்கள். சித்தப்பா கழுத்தில் கிடந்த டேப்பைக்கூட எடுக்காமல் பஸ் ஏறி வந்தார்.

"சட்டை ஒண்ணும் சேர மாட்டேங்குடே."

"நான் எதுக்கு இருக்கேன் அண்ணே?"

டேப் வயிற்றைச் சுற்றி வரும்போது அப்பா, "அண்ணைக்கு நான் உள்ள துணியே விடாம தச்சுப்போட்டேன்லே" என்றார்கள்.

"அசையாதீங்க அண்ணே, அளவு தப்பிரும்" என்றார் சித்தப்பா. டேப்பை மறுபடி முதலிலிருந்து பிடித்தார்.

கடையில் குவிந்திருந்த ஊரார் துணியையெல்லாம் ஒதுக்கிவிட்டு, துணியை நனைத்துக் காயவைத்து, அப்பாவின் சட்டையை முதலில் தைத்தார். காஜாவையும் தானே கட்டினார். அதை எடுத்துக்கொண்டு அவர் வந்து சேர்ந்தபோது அப்பா இல்லை. கடைசிப் பயணத்துக்குக் கோடி வேட்டிதான் உடுத்துவார்கள், தைத்த துணி ஆகாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சட்டை மடிப்புக் கலையாமல் வீட்டில் இருக்கிறது.

அப்பாவை நல்லபடி பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சம்மாக்களுக்கும், கடையைப் பூட்டிவிட்டு வந்து தோள் கொடுத்த சந்தைக்காரர்களுக்கும், அம்மாவைத் தனியே விடாமல் துணையிருந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சித்தப்பாவுக்கு நன்றி எழுதட்டுமா என்று கேட்டேன், வையத் தொடங்கிவிட்டார்.

திவசத்தன்று அந்தச் சட்டையைப் படையலில் வைக்கிறோம். படைத்த பிறகு சித்தப்பா அதைப் போட்டுக்கொள்கிறேன் என்றிருக்கிறார். ஆள் மெலிந்தவர், பிடித்துத் தைத்துக்கொள்ளுங்கள் என்று அம்மா சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டார். ஆகவே அன்று வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சட்டை தொளதொளவென்று இருக்கிறதே என்று யாரும் அவரிடம் சொல்லிவிட வேண்டாம். அது அப்பாவின் அளவு.