பட்லர் பொன்னுவேல் இட்லி கற்ற கதை

கொடைக்கானலில் பட்லர் பொன்னுவேல் என்றால் ஏரிக்கரைக் குதிரைக்காரர்கள் முதல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் பூ விற்கிறவர் வரை எல்லாருக்கும் தெரியும். ஆட்டுத் தொடையைப் பதமாக வாட்டுவார். பாலும் முட்டையும் அடித்துப் புட்டிங் வைப்பார். உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரில் சர்க்கரை போட்டுப் புளிக்க வைத்து, அந்த ஈஸ்டை ஊற்றி ரொட்டி சுடுவார். பண்ணைக்காட்டிலிருந்து சின்ன வயதில் மேலே வந்து, துரைசானி பங்களாவில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்து, அந்த அடுப்படியிலேயே மீசை முளைத்து, அங்கேயே நரையும் கண்டவர்.

அவர் மனைவி கந்தம்மாள் பங்களாவின் பின்கட்டு அறையில் ஆக்குவது சாமைச்சோறும் கீரையும்தான். இட்லி என்பது தீபாவளிக்குப் பண்ணைக்காட்டு மச்சினர் வீட்டுக்குப் போனால் கிடைக்கிற பண்டம். பொன்னுவேல் அதைத் தின்றிருக்கிறாரே தவிர, அது எப்படி ஆகிறது என்று எட்டிப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவையும் வரவில்லை.

சுதந்திரம் வந்து சில வருஷங்களில் துரை காலமானார். துரைசானி பங்களாவை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பினார். போகும்போது துரையின் கறுப்புக் கம்பளிக் கோட்டைப் பொன்னுவேலுக்குக் கொடுத்தார். இவர் நல்ல சமையற்காரர் என்று இங்கிலீஷில் ஒரு நற்சாட்சிக் கடிதமும் எழுதித் தந்தார். பங்களாவை வாங்கியவர் கோயம்புத்தூர்ப் பக்கத்து மில் முதலாளி. அவருக்குச் சொந்தச் சமையற்காரர் உண்டு. சித்திரை பிறந்ததும் பின்கட்டு அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்று ஆள் சொல்லி அனுப்பினார்.

பொன்னுவேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, வேலை கேட்டு அலைந்தார். வெள்ளைக்காரர் வீடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டிருந்தன. புது ஆட்கள் ரசம் கேட்டார்கள், பொரியல் கேட்டார்கள். புட்டிங்கை யாரும் கேட்கவில்லை.

கடைசியில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த முத்து முகம்மதுவிடம் போய் நின்றார். முத்து முகம்மது அவரைவிட வயதில் சின்னவர். மரியாதை தெரிந்தவர்.

"பாய், நீங்க டிபன் கடை போடப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். நம்ம சோலி சுத்தமா இருக்கும். கடுதாசிகூட இருக்கு, பாருங்க."

முத்து முகம்மது கடிதத்தை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். "எழுத்து முத்து முத்தா இருக்குண்ணே. ஆனா பஸ்ஸுல எறங்குறவங்க கடுதாசியவா திங்கப் போறாங்க? வத்தலக்குண்டுல ஏறுறப்பவே பசியோட ஏறுறாங்க. வளைவு வளைவா வந்து வயித்தக் கலக்கிட்டு எறங்குனதும் கேக்குறது இட்லி. ஐயர் கிளப்புல உக்கார எடமில்ல. நீங்க இட்லி போடுவீங்களா, அதச் சொல்லுங்க."

பொன்னுவேல் பொய் சொல்லிப் பழகாதவர். "தெரியாது" என்றார்.

பாய்லருக்குப் பின்னால் நின்ற டீ மாஸ்டர் சுல்தான் சிரித்துவிட்டார். "பட்லருக்கு இட்லி தெரியாதாம்ல! சீமையில பொறக்க வேண்டியவரு, வழி தப்பிப் பண்ணைக்காட்டுல எறங்கிட்டாரு."

"ஏலே சுல்தான், நீ டீயப் பாருலே" என்று அதட்டிவிட்டு முத்து முகம்மது சொன்னார்: "சீசனுக்குள்ள கத்துக்கிட்டு வாங்கண்ணே. கடைக்குப் பின்னால ரூம்பு கெடக்கு, குடும்பத்தோட இருந்துக்கலாம். ஆகலேன்னா மனசுல வச்சுக்காதீங்க, நான் மதுரையில ஆள் பாத்துக்கிடுறேன்."

வீட்டில் கந்தம்மாளிடம் நடந்ததைச் சொன்னார். இது ஆகாவிட்டால் போக்கிடம் அவள் அண்ணனின் காப்பித் தோட்டம் ஒன்றுதான்.

"விருந்தாளியாப் போனா அண்ணன் வீட்டுல கோழி அடிப்பாங்க" என்றாள். "மூட்டையோட போய் எறங்குனா காப்பி பறிக்கிற கூடையத்தான் கையில குடுப்பாங்க. பழனியில சண்முகவள்ளி இருக்கால்ல, எங்க அத்தை மக. அடிவாரத்துல இட்லிதான் அவளுக்குப் பொழப்பு. வெக்கப்படாமப் போயிட்டு வாங்க."

ஐயர் கிளப் அடுப்படிக்குள் வெளியாரை விடமாட்டார்கள். ஆகவே பொன்னுவேல் பழனிக்குப் பஸ் ஏறினார்.

பழனியில் இறங்கியதும் முதலில் மலையேறி ஆண்டவனைக் கும்பிட்டார். வேலை கொடு என்று கேட்கவில்லை. 'கை ஓடுகிற மாதிரி வை, முருகா' என்றுதான் கேட்டார். பிறகு அடிவாரத்தில் சண்முகவள்ளியின் ஓலைக் கொட்டகைக்குள் குனிந்து நுழைந்தார். காவடிக்காரர்களும் மொட்டைத் தலைகளுமாக ஒரே கூட்டம். சண்முகவள்ளி இட்லிக் கொப்பரையின் ஆவிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வாங்கண்ணே! வெள்ளைக்காரிக்கு ஆடு சுட்ட கையி இட்லிக்கு எறங்கி வந்துருச்சாக்கும்? கோட்டக் கழட்டிட்டு ஒரலுக்கிட்ட வாங்க. கோட்டுப் போட்டவங்களுக்கு ஒரலு சுத்தாது."

பொன்னுவேல் கோட்டை மடித்து வைத்துவிட்டு ஆட்டுரலுக்கு முன்னால் உட்கார்ந்தார். அரிசியைக் கொரகொரவென்று ஆட்டுவதும், உளுந்தைத் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பொங்கப் பொங்க ஆட்டுவதும் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. பிடிபடாதது வேறொன்று. இரண்டு மாவையும் சேர்த்து உப்புப் போட்டதும், அவர் சுற்றுமுற்றும் பார்த்து அகப்பையைத் தேடினார்.

"அகப்பை எதுக்கு? கையை விட்டுக் கலக்குங்க."

பொன்னுவேலின் கை மாவுக்கு மேலே வந்து நின்றுவிட்டது. அடுப்படியில் சேர்ந்த நாளில் துரைசானி கற்பித்த முதல் பாடம், சாப்பாட்டில் கை படக்கூடாது என்பது. ரொட்டி மாவு பிசைகிறபோது மட்டும் விலக்கு. அதற்கும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவியாக வேண்டும். குழைந்த மாவில் கையை விடுவது அவருக்குச் சாமி தட்டில் காலை வைக்கிற மாதிரி இருந்தது.

"என்னண்ணே, மாவு கடிச்சிருமா? கைச்சூடு எறங்குனாத்தான் மாவு புளிக்கும். அகப்பைக்கு ஏது சூடு?"

முருகா என்று சொல்லிக்கொண்டு கையை விட்டார். காலையில் பானை பொங்கி நின்றது. இட்லி பூப் பூவாக வெந்தது. மொட்டை போட்ட ஒரு குடும்பமே அதைத் தின்றுவிட்டு இன்னும் கேட்டது. சண்முகவள்ளி இவரைக் கும்பிடுவது மாதிரி கையைக் குவித்துச் சிரித்தாள். சீசன் நெருங்குகிற வரைக்கும் அவளிடமே இருந்து, அடுப்பும் ஆட்டுரலும் கைக்குப் பழகியபிறகு மலையேறினார்.

முத்து முகம்மது அறையைத் திறந்துவிட்டார். கந்தம்மாள் மூட்டை முடிச்சுகளோடு வந்து இறங்கினாள். கடை திறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் பொன்னுவேல் மாவாட்டி, சண்முகவள்ளி சொன்னது சொன்னபடி கையை விட்டுக் கலக்கி, பானையை மூடி மூலையில் வைத்தார். காலையில் திறந்தால் மாவு வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது. குளிர்ந்து, கெட்டியாக, உயிரே இல்லாமல். பஸ்ஸில் வந்தவர்களுக்கு அன்றைக்குக் கிடைத்தது டீயும் பன்னும்தான்.

"மொத நாளு அப்பிடித்தாண்ணே" என்றார் முத்து முகம்மது. முகம் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

பொன்னுவேலுக்குப் புளிக்காத மாவு புதிதல்ல. பங்களாவில் மாவு எழும்பாவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். உருளைக்கிழங்குத் தண்ணீரில் செய்த ஈஸ்டு ஒரு குப்பி கைவசம் இருந்தது. மறுநாளைக்கு ஆட்டிய மாவில், யாருக்கும் சொல்லாமல், அதை ஊற்றிவிட்டார்.

மாவு எழும்பத்தான் எழும்பியது. பானையின் மூடியைத் தள்ளிக்கொண்டு தரைக்கு வந்தது. இட்லியும் கன்னம் உப்பி வெந்தது. மதுரையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஜவுளி வியாபாரி ஒருவர் ஒரு துண்டைப் பிய்த்து முகர்ந்து பார்த்தார். சட்னியில் தோய்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்:

"ஏப்பா, இதுக்குச் சட்னி ஒத்துவராது போலிருக்கே. வெண்ணெ இருக்கா?"

கடை முழுக்கச் சிரித்தது. சுல்தான் சிரிப்பை அடக்கப் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வியாபாரியின் மனைவி பாதியிலேயே இலையை மடித்தாள். பொன்னுவேல் பார்த்தது அதைத்தான்.

கூட்டம் போனபிறகு முத்து முகம்மது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணே, உங்க மேல குத்தஞ் சொல்லல. கைநேர்த்தியான ஆளு நீங்க. ஆனா சீசன் காத்துக்கிட்டு நிக்காது. நாளைக்கும் இப்பிடின்னா நான் மதுரைக்குப் பஸ் ஏறிருவேன். ரூம்பு அந்த ஆளுக்கு வேணும்."

"நியாயந்தான் பாய்" என்றார் பொன்னுவேல்.

அறைக்கு வந்து, கட்டியிருந்த மூட்டைகளை அவிழ்க்காமலே விட்டுவிடலாம் என்று கந்தம்மாளிடம் சொன்னார். ஈஸ்டு ஊற்றியதையும் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரொட்டி மருந்த இட்லியில ஊத்துனா அது ரொட்டியாத்தான் ஆகும். மருந்த எடுத்துக்கிட்டீங்களே, மத்தத விட்டுப்புட்டீங்களே?"

"மத்தது எது?"

"பங்களாவுல ரொட்டி மாவ எப்பிடி வப்பீங்க? அடுப்பு மேட்டுல வச்சு, சாக்கப் போத்தி, காத்துப் படாமப் பிள்ளையப் பாக்குற மாதிரி பாப்பீங்க. நான் கதவத் தெறந்தாக்கூட வைவீங்க. இந்த மாவ மட்டும் ஈரத் தரையில மூலையில வச்சா அது என்ன செய்யும்? சண்முகவள்ளி இருக்குறது பழனி வெயிலு. இங்க நமக்கே வெரலு வெறைக்கி."

பொன்னுவேல் மனைவியைப் பார்த்தார். அந்த ஈஸ்டு ஒன்றைத் தவிர, பங்களாவில் கற்றதெல்லாம் பங்களாவோடு போயிற்று, இனி எல்லாம் புதிது என்றுதான் நினைத்திருந்தார். மாவு ஏன் புளிக்கவில்லை என்று தன் புத்தியை அவர் ஓட்டிப் பார்க்கவே இல்லை.

அன்றைக்கு உச்சிப் பொழுதிலேயே மாவாட்டினார். கையை விட்டுக் கலக்கினார். பானையைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குள் வந்தார்.

"சுல்தான் தம்பி, பாய்லருக்குப் பக்கத்துல கொஞ்சம் எடம் விடணும்."

"வைங்க, வைங்க. அதுக்கும் ஒரு டீ போடவா?" என்றார் சுல்தான். ஆனால் இடம் விட்டார். கரியை அணையாமல் மூடி வைக்கிறேன் என்று தாமாகவே சொன்னார்.

சாக்கு ஈரமாக இருந்தது. போர்த்த வேறொன்றும் இல்லை. கந்தம்மாள் உள்ளே போய்த் துரையின் கோட்டை எடுத்து வந்து நீட்டினாள். பொன்னுவேல் ஒரு கணம் தயங்கினார். வேலை கேட்கவும் வெளியூர் போகவும் தவிர மற்ற நாளில் தொடாத கோட்டு. பிறகு அதைப் பானையைச் சுற்றி இறுக்கி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். கோட்டின் கைகளைப் பின்பக்கம் முடிச்சுப் போட்டார். பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் துரை உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் வெள்ளனே எழுந்து, குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்து பொத்தான்களைக் கழற்றினார். மாவு பானையின் கழுத்துவரை ஏறி நின்றது. கொஞ்சம் வழிந்து கோட்டின் காலரிலும் இறங்கியிருந்தது. முகர்ந்து பார்த்தார். ரொட்டி வாசம் இல்லை. பழனி அடிவாரத்து வாசம் வந்தது.

முதல் பஸ் வந்தது. முத்து முகம்மது மதுரைக்குப் போகத் தயாராகத் தோளில் துண்டோடு வாசலில் நின்றார். முதல் ஈட்டு இட்லியைப் பொன்னுவேல் கொட்டிக் கொடுத்தார். பண்ணைக்காட்டுப் பக்கத்து வாழைத்தார் வியாபாரி ஒருவர் தின்றார். நாலு வாய் போனபிறகு, தலை நிமிராமலே, "இன்னும் ரெண்டு" என்றார்.

முத்து முகம்மது துண்டை எடுத்து ஆணியில் மாட்டினார். "அண்ணி, மூட்டைய அவுத்துருங்க" என்று பின்பக்கம் பார்த்துச் சத்தம் கொடுத்தார்.

அந்தக் கடை நன்றாக நடந்தது. பொன்னுவேலுக்குப் பட்லர் என்ற பெயர் மட்டும் போகவில்லை. இட்லி பட்லர் என்று ஒன்று கூடிக்கொண்டது, அவ்வளவுதான். கோட்டிலிருந்து மாவுக்கறை எத்தனை வெளுத்தும் போகவில்லை. பிறகு கோட்டு பானைக்கே சொந்தமாயிற்று. சீசன் முடிந்து மழைக்காலம் வந்தபோது, சும்மா இருக்க வேண்டாமே என்று அவர் உருளைக்கிழங்குக் கட்லட் போட்டார். அதுவும் ஓடியது. பானைக்கும் கட்லட்டுக்குமாக எட்டுப் பத்து வருஷம் போனதே தெரியவில்லை.

ஒரு நாள் முத்து முகம்மது தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"அண்ணே, இப்ப வார ஆளுக சாயங்காலத்துல பரோட்டா கேக்குறாங்க. நம்ம கடையில அது இல்லையேன்னு அடுத்த கடைக்குப் போறாங்க. உங்களுக்கும் வயசாயிருச்சு, எப்பிடிக் கேக்குறதுன்னுதான்..."

பொன்னுவேல் கையிலிருந்த மாவைக் கழுவித் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கு எந்த ஊருக்குப் போகணும் பாய்?" என்று கேட்டார்.