கட்டத்துக்குள் பிடுங்கிய களை

என் மகள் ப்ளஸ் ஒன் முடித்த கோடையில், வெள்ளிமலையில் ஒரு கல்லூரி ஆராய்ச்சிக் குழுவோடு ஒரு மாதம் தங்கி வேலை பழகப் போனாள். உயிரியல் படிக்கும் பிள்ளைகளில் சிலரைத் தேர்ந்தெடுத்து, ஆராய்ச்சியை அவர்கள் கையாலேயே செய்ய வைத்துப் பழக்கும் ஏற்பாடு அது. அவள் பள்ளியிலிருந்து அவள் ஒருத்திதான். நான் ஏழாவதோடு நின்றவள். ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குடுவையும் வெள்ளைக் கோட்டும் என்று நினைத்திருந்தேன். இவளோ, மரவள்ளிக் கொல்லையில் உட்கார்ந்து பூச்சி எண்ணுகிறேன் என்று போனில் சொன்னாள்.

கவலைப்பட எனக்கு ஒரு காரணம் போதும். மலை பல காரணம் கொடுத்தது. மலைப்பாதை பஸ், பாம்பு, இடி, புதுத் தண்ணீர். போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். "நீ கவலைப்படறதுக்குக் கூலி குடுத்தா இந்நேரம் மாடி வூடு கட்டியிருக்கலாம்" என்பார் என் வீட்டுக்காரர்.

பாதி மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"மா, கத்தாம கேளு. களை புடுங்கிட்டேன்."

"அதுக்கு இன்னாடி? நல்லதுதானே செஞ்ச?"

அழுகையை அடக்கிக்கொண்டு விவரம் சொன்னாள். கொல்லையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டி ஒரு கட்டம் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அதற்குள் முளைத்த களையை அப்படியே விட வேண்டும். எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி வருகிறது என்று தினமும் எண்ண வேண்டும். அன்றைக்கு வெயில் ஏறிப் பூச்சி வரவு நின்றுபோன நேரத்தில், கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாமல் தும்பையையும் மூக்குத்திப்பூண்டையும் பிடுங்கியிருக்கிறாள். பாதிக் கட்டம் காலியான பிறகுதான் சுரணை வந்ததாம். லீவு நாளெல்லாம் என்னோடு களையெடுக்க வந்த பிள்ளை. அங்கே இருந்த மற்ற பிள்ளைகளுக்கு அந்தக் கை வந்திருக்காது.

"என்னை அனுப்பிடுவாங்கமா."

"யாருகிட்டயும் வாயத் தொறக்காத. ஆடு மேஞ்சிடுச்சின்னு சொல்லிடு."

"ஆடு வேரோட புடுங்கி, மண்ண உதறி, வரப்புல கவுத்து அடுக்குமா?"

மறுபடி வேர் பிடிக்காமலிருக்க அப்படிக் கவிழ்த்து வைக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினேன். அவள் துணிமணியை எடுத்து வர மடியில் காலிப் பை. பிள்ளைகளுக்குப் பொறுப்பான மேடத்திடம் எப்படிக் கெஞ்சுவது என்று ஒவ்வொரு வளைவிலும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கொல்லையில் தொப்பி போட்ட ஒரு பெண் குனிந்து குச்சி நட்டுக்கொண்டிருந்தார். அந்த மேடம் அவர்தான். என் மகள் பக்கத்தில் கயிற்றுச் சுருளோடு நின்றாள். வழியெல்லாம் சேர்த்து வைத்த பேச்சு மறந்துபோயிற்று.

"மேடம், சின்னப் பொண்ணுங்க. தெரியாம செஞ்சிட்டா. அனுப்பிடாதீங்க."

"எதுக்குங்க அனுப்பணும்? நேத்தே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாளே. ஆட்டு மேல பழி போடச் சொல்லி யாரோ யோசனை குடுத்தாங்களாம்" என்று சிரித்தார்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் கயிற்றைப் பார்த்தாள்.

மேடம் பொறுமையாக விளக்கினார். நேற்றுவரை எண்ணியது வீணில்லை. களை பிடுங்கியதையும் எழுதி, அந்தக் கட்டத்தை அதோடு நிறுத்தியாயிற்று. மறைத்திருந்தால், பூச்சி குறைந்ததற்கு வேறு எதையோ காரணமாக நம்பிக்கொண்டிருப்போம். இன்று முதல் புதுக் கட்டம். மற்றவர்களைவிட இவளுக்கு நாள் கம்மி, அதனால் முடிவும் சின்னதாகத்தான் இருக்கும். அது ஏன் சின்னது என்று கடைசி நாளில் எல்லோர் முன்னாலும் இவளே எழுந்து சொல்ல வேண்டும்.

"சொல்லுவியா?" என்றார் அவளிடம்.

"சொல்றேன் மேடம்."

வீட்டுக்கு உறவுக்காரர் வந்தாலே கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறவள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

மேடம் அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போனதும், கயிற்றின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள்.

"மா, இத இழுத்துப் புடி. உள்ள கால வெக்காத. கையும் உள்ள போவக் கூடாது. என் கையவிட உன் கை மோசம்."

கட்டி முடித்ததும் ஓரமாக உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் நகக்கண் அளவு நீலப் பட்டாம்பூச்சி ஒன்று மூக்குத்திப்பூவில் வந்து உட்கார்ந்தது. காகிதத்தில் ஒரு கோடு போட்டாள்.

"அது பேரு இன்னாடி?"

"பேசாத மா. எண்ணிக்கினு இருக்கேன்."

மத்தியான பஸ்ஸில் நான் மட்டும் கீழே இறங்கினேன். பாதி மலையில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழை அடித்துக் கொட்டினால் அந்தத் தும்பைப் பூவெல்லாம் என்ன ஆகும் என்று எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. வீடு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாகப் போன் போட்டேன்.

"களைக்கு ஒண்ணும் ஆவலியே?"

"ஒண்ணும் ஆவல மா. நீ போய் சாப்புடு."